அன்றைய மீன்கொத்தி

அக்காவின் கேமராவில் ஒரு படத்தை அழிக்க இரண்டு முறை சம்மதம் தர வேண்டும். குப்பைத்தொட்டி வரைந்த பொத்தானை அழுத்தினால், நிச்சயமாகவா என்று கேட்கும். மறுபடியும் அழுத்த வேண்டும். சுங்கத்துறையில் முப்பத்து நான்கு வருடம் கோப்பு பார்த்தவன் என்ற முறையில், இது நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். மறுபரிசீலனைக்கு இடம் இருக்கிறது. அன்று காலை கிடர்பூரில் துறைமுக மதிலை ஒட்டிய நடைபாதையில் நின்று, இரண்டு முறையும் நான்தான் அழுத்தினேன்.

அக்கா பாளையங்கோட்டையில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என் மனைவி இறந்த பிறகு எனக்குச் சோறு பொங்க ஆள் வேண்டும் என்று அவளாகவே முடிவு செய்து, இரண்டு பெட்டிகளோடு ஹவுராவில் வந்து இறங்கினாள். கேமரா, அவள் ஓய்வு பெற்ற நாளில் வார்டுக்காரர்கள் வாங்கிக் கொடுத்தது. மற்றவர்கள் முழங்காலில் நின்று செய்யும் ஜெபத்தை அவள் அதைக் கொண்டு செய்தாள். காலையில் டீ குடித்ததும் இருவரும் நடக்கப் போவோம். சுவர் வெடிப்பில் முளைத்த அரசங்கன்று, லாரி மேல் உட்கார்ந்த மைனா, தேங்கிய மழைநீரில் தெரியும் மேகம் என்று ஏதாவது ஒன்று அவள் கண்ணில் படும். ஒரே ஒரு படம். எடுத்ததும் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சொல்லிக் கேமராவை உறையில் போட்டுவிடுவாள். படம் கலங்கியிருந்தாலும் இரண்டாவது கிடையாது.

"இன்னொண்ணு எடுத்தா என்னக்கா? ஃபிலிமா தீரப் போகுது?"

"வனாந்தரத்துல ஆண்டவர் குடுத்த மன்னா அப்பத்த அன்னன்னைக்கு உள்ளதத்தானல பொறுக்குனாங்க? மிச்சம் வச்சவனுக்குப் புழு புடிச்சுதுல்லா. நீ வேணா ஸ்டாக் வச்சுக்கோ. ஆபீஸ் புத்தி."

விலக்கே இல்லாத விதி முறையான விதி ஆகாது என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். அவள் கேட்டதில்லை.

மீன்கொத்தியை அவள் மூன்று வருடமாகத் துரத்திக்கொண்டிருந்தாள். கேமராவைத் தூக்குவதற்குள் பறந்துவிடும். அன்று பறக்கவில்லை. தண்ணீருக்கு மேலே இழுத்துக் கட்டியிருந்த கம்பியில், வெள்ளை மார்பும் நீல முதுகுமாக உட்கார்ந்திருந்தது. படம் பளிச்சென்று விழுந்தது. அக்கா சின்னப் பிள்ளைபோல் என் தோளில் அடித்தாள். அதற்குள் துறைமுகக் கேட்டிலிருந்து காவலாளி வந்து, "கீ துல்சென், மாஷிமா?" என்று கேட்டான். என்ன படம் எடுக்கிறீர்கள் என்று வங்காளியில் கேட்டதற்கு, அவள் திரையைக் காட்டினாள். பறவை என்றதும் அவன் முகம் தளர்ந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். படத்தில் பின்னால் கிரேன் தெரிகிறது, இது தடை செய்யப்பட்ட பகுதி என்று அவனுக்கு எடுத்துச் சொன்னவன் நான்.

"சேடே தின், காகு" என்றான் அவன். விட்டுவிடுங்கள் என்கிறான், காவல் காக்க வேண்டியவன். நான் அக்காவிடமிருந்து கேமராவை வாங்கினேன்.

"ஏலே, மீன்கொத்தி ஆண்டவர் படச்சது. கிரேன்தான் சர்க்காரோடது. கிரேன மட்டும் அழிக்க முடியுமான்னு பாரு."

தமிழ் தெரியாத காவலாளியே அவள் சொன்ன விதத்தைப் பார்த்துச் சிரித்தான். நான் அழித்தேன். அந்தப் பக்கம் திரும்பி வேறொன்று எடு என்றேன்.

"இன்னைக்கு உள்ளது ஆயிட்டுல்லா" என்றாள். உறையை மூடினாள். ஸ்தோத்திரம் சொல்லவில்லை.

அந்த மாதமே மாரடைப்பில் போய்விட்டாள். இறப்புச் சான்றிதழ், பென்ஷன் நிறுத்தக் கடிதம், ஆதார், வங்கி என்று எல்லாவற்றையும் ஒரு தாள்கூடத் திரும்பி வராமல் முடித்தேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை. வேலை தீர்ந்துபோன ஒரு காலையில், கேட்டில் இருந்த அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நின்றேன். இந்த வாயிலுக்கு உள்ளே படம் எடுக்கக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதியிருந்தது. உள்ளே. நாங்கள் நின்றது வெளியே, பொது நடைபாதையில். வேலையில் இருந்த காலமெல்லாம் அந்த வாயில் வழியாகப் போய் வந்தவன், பலகையை முழுதாகப் படித்தது அன்றுதான்.

பிறகு எங்கள் தமிழ்ச் சபையின் பத்துக் குடும்பங்களும் அவளுக்காக என் வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். ஒருவர் எழுந்து ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்ல, வாக்கியத்துக்கு வாக்கியம் மற்றவர்கள் கண்ணை மூடியபடி "ஸ்தோத்திரம்" என்பார்கள். அது வழக்கம்.

"அண்ணாச்சி, நீங்க ஒரு வார்த்தை" என்றார் போதகர்.

தாளில் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். பிறப்பு, படிப்பு, பணி, என்னோடு இருந்த காலம். நான்குக்கும் ஸ்தோத்திரம் கிடைத்தது. அதோடு உட்கார்ந்திருக்கலாம்.

"அவ எடுத்த ஒரு படத்த நான் அழிச்சேன்" என்றேன்.

"ஸ்தோத்திரம்" என்றார்கள்.

"அழிக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்ல."

"ஸ்தோத்திரம்."

போதகர் மட்டும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு ஒரு நாள் மட்டும் அவ ஸ்தோத்திரம் சொல்லல."

"ஸ்தோத்திரம்" என்றது அறை முழுவதும், அதே சத்தத்தில், பிள்ளைகள் உட்பட. நானும் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வரவில்லை. போதகர் பாட்டு எண்ணைச் சொன்னார்.