சிநோராவின் மகளை உதைத்த நாள்

சவாத் என்பது பிரெஞ்சுக்காரரின் உதைச் சண்டை. சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் உதைக்க வேண்டும். முதலில் முழங்காலை மடக்கி உயர்த்த வேண்டும். பிறகு சப்பாத்து நுனியைச் சாட்டை போல வீசினால் அது ஃபுவெத்தே. குதிகாலால் நேரே தள்ளினால் ஷாசே. பலமாக அடித்தால் நடுவர் கண்டிப்பார். சுத்தமாகத் தொட்டால் போதும், புள்ளி. இத்தாலியின் பலேர்மோவில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். நானாகப் போகவில்லை.

அம்மா பொலிதேயாமாப் பக்கம் ஓர் இத்தாலிய அம்மணி வீட்டில் துப்புரவு வேலை செய்தார்; அவளைச் சிநோரா என்றே கூப்பிடுவோம். சிநோராவின் மகளுக்கும் என் வயது. பயிற்சிக்குத் தனியே போகமாட்டேன் என்று அவள் அழுதாள். என்னையும் சேர்த்துவிட்டார்கள். உதைத்துப் பழக அவளுக்கு ஓர் ஆள் கிடைத்தது. அவளுடைய பழைய சப்பாத்து எனக்குக் கிடைத்தது. இதை உதவி என்றார்கள். நாங்களும் நன்றி சொன்னோம்.

எனக்கு ஒரு வில்லங்கம் இருந்தது. யார் மேலாவது கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று வளர்த்திருந்தார்கள். கை தானாகப் போய்விடும். நான் உதைப்பேன். பட்டதும் குனிந்து அவளைத் தொட்டுக் கையுறையைக் கண்ணில் ஒற்றுவேன். அந்த நேரம் பார்த்து அவள் என் தலையில் உதைப்பாள். பயிற்சியாளர் "கையைத் தூக்கு" என்று கத்துவார். இரண்டு வருடம் இப்படியே தோற்றேன்.

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது ஆனி மாதத்தில் ஒரு போட்டி வைத்தார்கள். எங்கள் இருவரில் வெல்பவர் அடுத்த போட்டிக்குக் கப்பலில் நாப்போலிக்குப் போகலாம். எனக்கு அந்தக் கப்பல் வேண்டும். வேறொன்றும் வேண்டாம். தினமும் அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் உதைத்து, குனியாமல் நிற்கப் பழகினேன்.

போட்டிக்கு முதல் நாள் சீப்பால் என் தலை இழுத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார்:

"ஒருக்காத் தோத்துப்போட்டு வா பிள்ளை."

"ஏன்?"

"பெர்மெசோ முடியுது. சிநோரா இன்னும் அந்த வேலைக் கடுதாசியிலை கையெழுத்து வைக்கேல்லை. நாளைக்கு, நாளைக்கு எண்டு மூண்டு கிழமையாச்சு."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"அவவின்ரை பிள்ளையை அவவுக்கு முன்னாலை உதைக்காதை. அவ்வளவுதான்."

"அது விளையாட்டம்மா."

"அவைக்கு விளையாட்டு."

அந்தக் கடுதாசி இல்லாவிட்டால் பெர்மெசோ கிடைக்காது; அம்மாவுக்கும் எனக்கும் இந்த நாட்டில் இருக்க அனுமதி இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கோபத்தோடு படுத்தேன்.

போட்டியில் முதல் சுற்று முழுக்க நான் சும்மா நின்று உதை வாங்கினேன். அம்மா சொன்னதைக் கேட்டேன். சிநோராவின் மகள் என் வயிற்றில் ஷாசே வைத்துவிட்டு இத்தாலியனில் சிரித்தாள்: "என்ன சாமியாரே, இன்றைக்குப் பூசை இல்லையா?"

என் முழங்கால் மடங்கி உயர்ந்தது. சப்பாத்து நுனி அவள் கன்னத்தில் பட்டது, மெதுவாக, சுத்தமாக. என் கை கீழே போகவில்லை. அவள் நான் குனிவேன் என்று காத்திருந்தாள். அதற்குள் இன்னொன்று வைத்தேன். பிறகு இன்னொன்று. போட்டி முடிந்ததும் நடுவர் என் கையைத் தூக்கினார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். சிநோராவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா, சிநோராவுடைய கையைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிநோராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கையை இழுத்துத் துடைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சிநோரா கையெழுத்து வைத்தாள்.

"பாத்தியளே, ஒண்டும் நடக்கேல்லை," என்றேன்.

"ஓம், ஒண்டும் நடக்கேல்லை," என்றார் அம்மா.

அந்தக் கிழமையிலிருந்து சனிக்கிழமையும் வேலைக்குப் போனார். இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்க, யன்னல் துடைக்க. அதே சம்பளம். நான் வென்றதற்காகவா, எப்படியும் சிநோரா கேட்டிருப்பாளா என்று அம்மாவுக்கே தெரியாது. பல வருடம் கழித்துத்தான் இதையும் சொன்னார். இப்போது நானும் இரண்டு வீடு துடைக்கிறேன். யாரிடமும் விளக்கம் கேட்கும் பலம் மிச்சமில்லை.

கப்பல் ஒரு சனிக்கிழமை மாலை புறப்பட்டது. அம்மா வேலை முடிந்து நேரே துறைமுகத்துக்கு வந்தார். நான் மேல்தட்டில் நின்று கத்திக் கத்திக் கை காட்டினேன். அம்மா கரையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்தபடி, தலை குனிந்துகொண்டு இருந்தார். நிமிரவே இல்லை. வென்று இத்தனை நாளாகியும் கோபம் தீரவில்லையா, போ என்று நான் மற்றப் பக்கம் போய் நின்றேன். மனிசர் இருந்த இருப்பிலேயே நித்திரையாகிப் போவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.