விழுந்த மரங்களைத் தாண்டி என்னைச் சுமந்தவர்கள்

கண்ணாடி விரியன் என் காலைக் கடித்தபோது வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை அடைபட்டுக் கிடந்தது. அன்றைக்கு ஆண்டவர் எனக்குச் செய்ததை விசுவாசிகளான உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

என் பெயர் எஸ்தர். எண்பத்தேழாம் வருஷம், சின்னசேலம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் புதிதாக மனை பிரித்திருந்த இடத்தில் நானும் என் கணவர் சாமுவேலும் ஓட்டு வீடு கட்டிக் குடிவந்தோம். அவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். சுற்றிலும் பாதி மனைகள் காலி, புதர் மண்டிக் கிடக்கும். அதற்கப்பால் கரும்புத் தோட்டம். எலிகள் ஏராளம். எலிகளைத் தேடிப் பாம்புகள் வந்தன. குளிக்கிற மறைப்பில் உரித்த சட்டை கிடக்கும். ஒரு காலையில் வாசற்படியிலேயே கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாக்கா சிரிப்பார். "அதுங்க வூட்ல நாமதான் வந்து குந்திக்கினு இருக்கோம் எஸ்தரு. இன்னா பண்றது?"

எனக்குச் சிரிப்பு வராது. வேறு எங்காவது போய்விடலாம் என்று கணவரிடம் அழுவேன்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம் அது. சாலையோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பஸ் ஓடவில்லை. எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு, சாவு என்று செய்தி வந்தபடி இருந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தோம்.

வெயில் தாழ்கிற நேரம். அடுப்புக்குச் சுள்ளி எடுக்கப் பின்பக்கம் போனேன். குக்கர் ஆவி விடுவது போல ஒரு சீறல் கேட்டது. பின்வாங்குவதற்குள் கணுக்காலில் நெருப்பு வைத்தது போல இருந்தது. தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி மாதிரி வட்டங்கள். கத்தினேன்.

கோவிந்தம்மாக்காவின் வீட்டுக்காரர் உடனே மாட்டு வண்டியைப் பூட்டினார். கயிற்றுக் கட்டிலோடு என்னைத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். விஷமுறிவு மருந்து வேண்டுமென்றால் கள்ளக்குறிச்சிக்குத்தான் போக வேண்டும். கொஞ்ச தூரத்திலேயே முதல் மரம் குறுக்கே கிடந்தது. அதன்மேல் ஆட்கள், கையில் கோடாலி.

என் கணவர் இறங்கி ஓடிக் கைகூப்பினார். கடிபட்டு வீங்கிய என் காலைக் காட்டினார். ஈறிலிருந்து கசிந்த ரத்தம் என் வாயில் உப்புக் கரித்தது. அதைவிட எனக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உள்ளே பிள்ளை அசையவில்லை. "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும். இதை மட்டும் விட்டுவிடும்" என்று கேட்டேன். அதற்குமேல் ஜெபிக்கத் தெரியவில்லை.

மரத்திலிருந்து ஒருவர் குதித்து வந்து என் முகத்தைப் பார்த்தார். பெரிய மீசை. அவரைப் பார்த்ததும் நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"டேய், புள்ளத்தாச்சிடா! பாம்பு கடிச்சிருக்குது. கோடாலியக் கீழ போடுங்க. கட்டிலத் தூக்குங்க!"

கட்டில் எழுந்தது. கிளைகளுக்கு நடுவே, மரத்துக்கு மேலே, என்னைக் கொஞ்சமும் குலுக்காமல் அந்தப் பக்கம் கொண்டுபோனார்கள். ஒருவர் தன் துண்டை மடித்து என் தலைக்கு அடியில் வைத்தார். மீசைக்காரர் சைக்கிளில் முன்னால் பறந்தார். அடுத்த மரத்தை நாங்கள் சேர்வதற்குள் அங்கே ஆட்கள் தோள்கொடுக்கத் தயாராக நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. கட்டிலை அதில் ஏற்றினார்கள். ஒவ்வொரு மரத்திலும் இப்படியே கைமாறிப் போனேன்.

"கண்ண மூடாத யக்கா. தோ, வந்துட்டோம். பேசிக்கினே வா" என்று ஒரு குரல் கூடவே வந்தது. அது யாருடைய குரல் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் என் ரத்தத்தை எடுத்து வைத்தார்கள். நர்ஸம்மா அதைச் சாய்த்தபோது தண்ணீர் போல ஓடியது. விஷம் ஏறியிருந்ததால் உறையவில்லை. சலைனில் மருந்து ஏற்றினார்கள். மறுபடி எடுத்தார்கள், மறுபடி ஓடியது. சாமுவேல் கட்டில் காலைப் பிடித்தபடி தரையில் முழங்காலிட்டிருந்தார். வெளியே வராந்தாவில் அந்த மீசைக்காரர் போகாமல் உட்கார்ந்திருந்தார். அவரும் தன் சாமியை வேண்டிக்கொண்டிருந்ததாகப் பிறகு என் கணவர் சொன்னார்.

விடிந்து வெளிச்சம் வந்தபோது நர்ஸம்மா குழாயைக் கவிழ்த்துக் காட்டினார். ரத்தம் அசையாமல் நின்றது.

"ஒறஞ்சிடுச்சிம்மா" என்றார். வயிற்றில் குழல் வைத்துக் கேட்டார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "துடிப்பு நல்லாக் கேக்குது" என்று சொல்லிச் சிரித்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து ஓர் உதை. நான் விம்மி விம்மி அழுதேன்.

சாமுவேல் செய்தி சொல்ல வெளியே போனார். மீசைக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லாயிருக்கட்டும் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாராம். பெயரைக் கேட்க என் கணவருக்குத் தோன்றவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த விவசாயியையும் விரியன்தான் கடித்திருந்தது. அவர் மனைவியும் என்னைப் போலவே மன்றாடினாள். அவர் பிழைக்கவில்லை. ஏன் என்று ஆண்டவரிடம் பலமுறை கேட்டிருக்கிறேன், பதில் கிடைத்ததில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அன்று உட்கார்ந்திருந்ததை மறக்கவில்லை. அதன் பிறகு எங்கள் பக்கத்தில் யாருக்குப் பாம்பு கடித்தாலும் நான் கூடப் போகிறேன். மந்திரம், வேர் என்று நேரத்தைப் போக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்பேன்.

குறித்த மாதத்தில் மகள் பிறந்தாள். கிருபா என்று பெயர் வைத்தோம். இன்று அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நாங்கள் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. புதரை வெட்டினோம், விறகைத் தரையில் போடாமல் பரண் கட்டி வைத்தோம், டார்ச் இல்லாமல் இருட்டில் கால் வைப்பதில்லை. பாம்புகள் இன்னும் வருகின்றன. இப்போது நான் அழுவதில்லை.

நான் கேட்டது ஒரு பிள்ளையின் உயிரைத்தான். கர்த்தர் என் உயிரையும் சேர்த்துக் கொடுத்தார். யாரைக் கண்டு நடுங்கினேனோ அவர்களுடைய தோள்களில் ஏற்றி அனுப்பினார். அன்பானவர்களே, உங்கள் வீட்டில் இன்று எந்தப் பயம் இருந்தாலும் அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழகான வார்த்தைகள் வேண்டியதில்லை. உதவி இன்னார் முகத்தோடுதான் வர வேண்டும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வருகிறவர் யாராக இருந்தாலும், அவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.