என் நம்பரைக் கொடுத்த தெரு

அன்று கிடையில் இருந்தது நான். என் மச்சான். சித்தப்பா மகன். எதிர்வீட்டு அண்ணாச்சி. அப்புறம் ஆடுகள்.

போன வருஷம், நெல் அறுப்பு முடிந்த சமயம். புளியங்குடி பக்கம் ஒரு வயலில் எருவுக்காக ராத்திரி ஆடுகளை அடைத்து ஆட்டுக்கிடை போட்டிருந்தோம். எங்கள் ஊர் குருவிகுளம் பக்கம். கிடை வேண்டும் என்று வயல்காரர்கள் கூப்பிடுவார்கள் என்பதால் நான் நம்பரை மாற்றுவதே இல்லை. தெருவில் மற்றவர்கள் ஆபருக்கு ஆபர் சிம் மாற்றுவார்கள். அதனால் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள்.

மத்தியானம் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஊருக்கு முகாம் வந்து பெண்களுக்கு ரத்தம் எடுத்திருந்தார்கள். அதன் முடிவு. பேசிய பெண் ஒரு பெயரைச் சொன்னார்.

"அவங்களுக்கு ரத்தம் நாலுதான் இருக்கு. பன்னெண்டு இருக்கணும். உயிருக்கே ஆபத்து. இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

அந்தப் பெயரில் எனக்கு யாரையும் தெரியாது. மற்றவர்களைக் கேட்டேன்.

"நம்ம தெருவுல யாருக்குவே அப்படிப் பேரு? கலெக்டரம்மா பேரு மாதிரில்லா இருக்கு" என்றார் மச்சான்.

"ஒம்ம பொண்டாட்டி பேராவது ஒழுங்காத் தெரியுமாவே?" என்றார் அண்ணாச்சி.

மச்சான் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னார். எங்கள் ஊரில் கட்டிக்கொண்டு வந்த பெண்ணைப் பிறந்த ஊரை வைத்தே கூப்பிடுவோம். கழுகுமலைக்காரி, புளியங்குடிக்காரி, திருவேங்கடத்தா. ஆதாரில் இருக்கிற பெயர் அவரவர் வீட்டோடு சரி.

ஊர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். "அப்படி ஒருத்தியும் இங்கன கிடையாது. ராங் நம்பரா இருக்கும். நீரு ஆட்டைப் பாரும்" என்று வைத்துவிட்டார்.

ராங் நம்பர் இல்லை. என் நம்பர். கம்பை மச்சானிடம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் போன் பேசிய பெண் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். என் நம்பரைத் தட்டினார். சிரித்துவிட்டார்.

"அண்ணாச்சி, ஒங்க ஒரு நம்பர்ல மட்டும் பத்தொம்பது பொம்பளைங்க இருக்காங்க."

"தெருவே அதுலதாம்மா இருக்கு."

முகாமில் எழுதியிருந்தது பெயர், வயது, நம்பர். நாங்கள் கொடுத்ததே அவ்வளவுதான். ஊருக்குப் போய் வீடு வீடாகக் கேட்கலாம் என்றால் எல்லோரும் பருத்திக் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள். ஆள் யார் என்று தெரியாமல் போவதில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணும் விடவில்லை. பழைய பிரசவப் பதிவுகளில் அதே பெயரை, வயதைக் கணக்குப் பண்ணித் தேடினார். கம்ப்யூட்டரில் நாலைந்து பேர் வந்தார்கள். ஒவ்வொருத்தரின் ஊராகப் படித்தார்.

"இவங்க மொதப் பிரசவம் திருவேங்கடத்துல. அம்மா வீட்டு அட்ரஸ் போட்டிருக்கு."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் பார்ப்போம். திருவேங்கடம் என்றதும் எழுந்துவிட்டேன்.

"புருஷன் பேரைப் படிம்மா."

படித்தார். கேரளாவில் வேலை பார்க்கும் என் அண்ணன் பெயர். அப்படியென்றால் அது என் மதினி, தெருவே திருவேங்கடத்தா என்று கூப்பிடுகிறவர்.

கொஞ்ச காலமாக மதினி உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்பட்டார். சோம்பேறி என்று தெரு கேலி பேசியது.

ஊரில் இறங்கி, கடைக்காரர் பைக்கை வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போனேன். பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதினி வரப்பில் உட்கார்ந்திருந்தார்.

"ஏட்டி திருவேங்கடத்தா, கொழுந்தன் பைக்குல வந்து நிக்காரு. சினிமாவுக்கா?" என்று ஒருத்தி கத்தினாள்.

"ஏறுங்க மதினி. ஆஸ்பத்திரிக்குப் போணும்."

"எனக்கென்ன தம்பி? மடிப் பருத்தியைக் கொட்டிட்டு, சாயங்காலமா வாரேன்."

"இப்பவே."

எழுந்தார். இரண்டு எட்டு வைப்பதற்குள் விழுந்துவிட்டார். சிரித்தவர்களே ஓடிவந்து தண்ணீர் தெளித்துத் தூக்கினார்கள். கத்தினவளே பின்னால் ஏறி, மதினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பைக்கை எங்கும் நிறுத்தவில்லை.

அன்றே ரத்தம் ஏற்றினார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்றார் டாக்டர்.

மதினி வீட்டுக்கு வந்த பிறகு தெருவில் வீடு வீடாகப் போனேன். வீட்டுக்கு ஒரு நம்பர், அதை மாற்றக் கூடாது என்றேன். பெயரோடு பிறந்த ஊரையும் போடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். அதற்குத் தனிக் கட்டம் இல்லையாம். முகவரியோடு சேர்த்துப் போடலாம் என்றார் அந்தப் பெண். கிடை இல்லாத நாள்களில் இரண்டு இரண்டு பேராக ஆஸ்பத்திரிக்குப் பதியக் கூட்டிப்போனேன். சிலர் முணுமுணுத்தார்கள். விடவில்லை. எல்லோருக்கும் போட்டாயிற்று.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. கம்ப்யூட்டருக்கும் ஆட்டுக்காரனுக்கும் என்ன என்றுதான் இருந்தேன். கேட்கிறவர்களிடம் விவரத்தைச் சரியாகச் சொல்வதும் ஒரு ஆளைக் காப்பாற்றுகிற வேலைதான் என்று இப்போது தெரிகிறது.

போன மாதம் மதினிக்கு மறுபடி ரத்தம் பார்த்தார்கள். பதினொன்று.