அண்ணன் போட்ட தும்மல்

மாரியண்ணா, உன் கதையைத்தான் எழுதுகிறேன்.

கல்கத்தாவின் டாலிகஞ்ச் ஸ்டுடியோவில் லைட் தூக்கிய உனக்கு ஒரு பெங்காலிப் படத்தில் வேஷம் கிடைத்தது. பனிமலையில் மாட்டிக்கொண்ட கூலிக் கொலைகாரன். குறி வைத்தாலே தும்மிவிடுவான். தெர்மாகோல் பனியில் வேர்க்க வேர்க்க நடித்தாய். டப்பிங்குக்கு முன்பே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

உனக்குக் குரல் கொடுக்க வந்த வேறு யாருக்கும் அந்தத் தும்மல் வரவில்லை. டைரக்டர் சீனையே வெட்டப்போனார்.

"தாதா, நான் தும்மறேன். எங்க வீட்டுத் தும்மல் எனக்கு வரும்" என்றேன். அங்கே அண்ணனை தாதா என்பார்கள்.

மைக் முன்னால் அழுகைதான் வந்தது.

"அழாதடா! உங்கண்ணன் சிரிக்க வெக்கத்தானே வந்தான்?" என்றார் டைரக்டர்.

திரையில் நீ மூக்கைச் சுருக்கினாய். நானும் சுருக்கினேன். ஹா... ஹாச்சூ!

நேற்று தியேட்டரே அதிர்ந்து சிரித்தது. பக்கத்து சீட்டிலிருந்த வயதான பெங்காலி மாஷிமா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "யாருப்பா இந்தப் பையன்?" என்றார்.

"என் அண்ணன்!" என்று கத்தினேன்.

படிக்கிறவர்களே, என் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் சாமியிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.