கதவைச் சாத்திய ஊர்

காலை ஏழு மணிக்கு மதுரையை விட்டுக் கிளம்பினோம். ஊரடங்கு காலம். காரின் முன் கண்ணாடியில் அனுமதிச் சீட்டு, என் வாயில் மூச்சுமுட்டும் துணி. விடியற்காலையில் சேது போன் செய்திருந்தான். அவன் அப்பா இறந்துவிட்டார். அவனைப் பள்ளிக்கூடத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். கொள்ளி வைக்க விடுவார்களா என்று தெரியவில்லை என்றான்.

சேதுவும் நானும் சென்னையில் மூன்று வருடம் ஒரே அறையில் கிடந்தவர்கள். பிறகு அவன் புனேயில் முறுக்குக் கம்பெனி வேலைக்குப் போனான். அங்கே எல்லாம் நின்றுபோக, லாரி மாறி லாரி ஏறி முந்தாநாள் ஊர் வந்து சேர்ந்திருக்கிறான். எல்லையிலேயே மறித்துப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்துவிட்டார்கள். சளி எடுத்துப் போன சோதனையின் முடிவு இன்னும் வரவில்லை. அவன் வீட்டுக்கு ஒரே மகன்.

கார் ஓட்டிய காளிமுத்து காரியாபட்டிக்காரர். “விட மாட்டாக சார். பயந்து கெடக்காக” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வாசலைத் தகரம் வைத்து அடைத்ததைப் பார்த்துவிட்டு வந்தவன் நான். ஒரு மனிதனைப் பூட்டி வைக்க எந்தச் சட்டம் சொல்கிறது, எவன் கையெழுத்துப் போட்டான் என்று வழி நெடுகக் காளிமுத்துவிடமே வழக்காடினேன். பாவம், அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அருப்புக்கோட்டையில் பூக்கடை ஒன்றும் இல்லை. ஒரு வீட்டுப் புறவாசலில் காளிமுத்து எப்படியோ கேட்டு மாலை வாங்கி வந்தார். அங்கிருந்து திருச்சுழி பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், நடுவே வெடித்த கரிசல், எங்கேயோ கரிமூட்டப் புகை. ஆடுகள் மட்டும் அனுமதிச் சீட்டு இல்லாமல் ரோட்டைக் கடந்தன. நரிக்குடியைத் தாண்டிச் சேதுவின் ஊர். பெயரைச் சொன்னால் அவர்களுக்கு வீண் வம்பு, விட்டுவிடுகிறேன்.

ஊர் முகப்பில் முள்ளை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். முள்ளுக்கு அந்தப் பக்கம் ஊராட்சித் தலைவர் பாண்டியம்மாள், வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். அருப்புக்கோட்டை நூல் மில்லில் வேலை பார்த்தவர், நாற்பது வயதிருக்கும். வழியில் பேசியதையெல்லாம் அவரிடம் மறுபடி கொட்டினேன். முடிக்கும்வரை கேட்டார்.

“பூட்டுனது நாந்தேன்” என்றார். “மொதநாளு பூட்டல. நேத்து ராத்திரி அப்பாவப் பாக்கணும்னு செவரேறிக் குதிச்சிட்டான். அந்த மனுசன் பழைய இழுப்பு நோயில மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு கெடக்காரு. இவன் சீக்கக் கொண்டுபோயி சேத்துட்டா? தெருவுலயே மறிச்சுக் கொண்டாந்து பூட்டுனோம். விடியுமுன்ன அவரு போயிட்டாரு. எனக்கும் ஒறக்கம் இல்ல சார்.”

என் சட்டமெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டது. பூட்டியது தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் திறந்துவிட்டிருக்கலாமே என்று என்னால் சொல்ல முடியவில்லை.

முள்வேலிக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கூடம். சேது சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆளே பாதியாகிவிட்டான். “ஏலே, எனக்காகச் சண்ட போடாத” என்றான். “அம்மாவுக்கு ஏதும் ஆச்சுன்னா நான் தாங்க மாட்டேன். ஆனா கொள்ளி வைக்காம எப்படிலே?” வெயில் தாழ்வதற்குள் எடுத்தாக வேண்டும் என்றார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. காவல் சாமிக்குப் பொங்கல் வைத்த ராத்திரி, சாமியாடி ஒருவர் மட்டும் ஊர் எல்லையில் வீசுவதற்கான எறிசோற்றை எடுத்துக்கொண்டு தெரு வழியாகப் போவார். அவர் போய்த் திரும்பும்வரை ஊர் மொத்தமும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பாண்டியம்மாள் சுகாதார ஆய்வாளருக்குப் போன் போட்டுப் பேசினார். கோயிலுக்குப் போய் மைக்கைப் பிடித்தார்.

“எறிசோறு போறப்ப எப்படிச் சாத்துவமோ, அப்படிச் சாத்துங்க. இத்தன நேரம் அவன் உள்ள இருந்தான், நாம வெளிய இருந்தோம். இப்ப நாம உள்ள இருப்போம். அவன் போயி அப்பாவுக்குச் செஞ்சிட்டு வரட்டும்.”

இப்படி ஒரு வழி இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவே இல்லை.

நான்கு மணிக்கு நான்கு பேர் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய், வரட்டி அடுக்கி, எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டு விலகிப் போனார்கள். முள்ளை விலக்கி எங்கள் காரை உள்ளே விட்டு, கண்மாய்க் கரைமேல் நிறுத்தச் சொன்னார்கள். சற்றுத் தள்ளி ஆய்வாளர் பைக்கில் சாய்ந்து நின்றார். கரையின் ஒரு பக்கம் ஊர்த்தெரு, மறுபக்கம் சுடுகாடு.

கதவுகள் சாத்தப்பட்டன. பாண்டியம்மாள் பள்ளிக்கூடத்துப் பூட்டைத் திறந்து, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். சேது தெருவில் இறங்கினான். பட்டப்பகலில் ஒரு ஊரின் தெருவில் ஒரே ஒரு மனிதன். அவன் கடக்கக் கடக்க, சாத்திய ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலிருந்தும் பெண்களின் ஒப்பாரி எழுந்தது. ஒரு வீட்டில் அடங்குமுன் அடுத்த வீட்டில் பிடித்துக்கொண்டார்கள். காளிமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கரையை ஒட்டிய கடைசி வீடு அவனுடையது. வாசலுக்குப் பத்தடி முன்னால் தெருப் புழுதியில் விழுந்து கும்பிட்டான். உள்ளேயிருந்து அவன் அம்மாவின் குரல் கேட்டது.

“கதவத் தொறக்க மாட்டேன்யா. ஊருக்கு வாக்குக் குடுத்துட்டேன். நீ போயி அப்பாவ நல்லபடியா அனுப்பி வையி.”

அவன் எழுந்து நடந்தான். சுடுகாட்டில் தண்ணீர்க் குடத்தைத் தோளில் ஏற்றினான். மகன் குடத்தோடு சுற்றிவர, பின்னால் ஒருவர் சுற்றுக்கு ஒரு ஓட்டை போடுவதுதான் முறை. இங்கே பின்னால் யாரும் இல்லை. யாரோ முன்கூட்டியே மூன்று ஓட்டை போட்டுப் புளியை வைத்து அடைத்திருந்தார்கள். அவனே கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சுற்றுக்கு ஒன்றாகப் புளியைப் பிடுங்கினான். தண்ணீர் பீச்சியது. குடத்தைப் பின்புறமாகப் போட்டு உடைத்து, சட்டியில் இருந்த நெருப்பை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு கொள்ளி வைத்தான்.

எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். தகரம் அடித்த அந்த வீட்டுக்காக நாங்கள் யாரும் ஒரு நிமிடம்கூடக் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை. சன்னல் வழியே வேடிக்கைதான் பார்த்தோம்.

வந்த வழியே சேது திரும்பினான். எந்த வாசலிலும் நிற்கவில்லை. நாங்கள் காரைத் திருப்பி முள்வேலிக்கு வந்தபோது அவன் பள்ளிக்கூடத்துக்குள் போயிருந்தான். சன்னல் கம்பி வழியாக ஒரு கை வெளியே வந்தது. பக்கத்துக் கதவில் தொங்கிய பூட்டைப் பூட்டியது. சாவியை உருவி வாசல் மண்ணில் எறிந்தது.

ஆய்வாளர் கோயில் மைக்கில் சொன்னதும் கதவுகள் திறந்தன. பாண்டியம்மாள் ஒரு வாளி சோப்புத் தண்ணீரோடு வந்தார். மதுரை திரும்பும் எங்கள் அவசரத்தை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. சாவியை ஒரு குச்சியால் தூக்கி வாளியில் போட்டுச் சோப்பு நுரையில் அலசினார். பிறகு அதைச் சன்னல் கம்பியில், அவன் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டினார். அதற்கப்புறம்தான் வந்து நாங்கள் வெளியே போக முள்ளை விலக்கிவிட்டார்.