வயல் நடுவில் வண்டி, வாய்க்கால் கரையில் நான்

இருபது வருஷத்துக்கு மேலாக நெல் அறுக்கும் வண்டி ஓட்டியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில், டயருக்குப் பதில் இரும்புச் செயினில் சேற்றிலும் ஓடும் செயின் வண்டி வயலில் இறங்கினால் ஊரே வரப்பில் நின்று வேடிக்கை பார்த்த காலத்திலேயே அதன் சீட்டில் உட்கார்ந்தவன் நான். படிப்பு நாலாங்கிளாஸ். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். கம்பெனி மெக்கானிக்கே எனக்கு போன் போட்டுச் சந்தேகம் கேட்பான்.

அப்படிப்பட்டவன் வண்டி, ஒரு பழுதும் இல்லாமல், டீசல் இருந்தும், ஒரு வயல் நடுவில் இரண்டு மணி நேரம் சும்மா நின்றது. கிழக்கே மழை கட்டிக்கொண்டு வந்தது. சாவி என் டவுசர் பையில். நான் வாய்க்கால் கரையில் கருவைப் புதருக்குப் பின்னால் குந்தியிருந்தேன்.

புதிதாக வண்டி ஓட்ட வரும் தம்பிகளுக்கு உபயோகமாக ஏதாவது சொல்லுங்கள் என்று எங்கள் சங்கப் பத்திரிகையில் கேட்டார்கள். பெல்ட் மாற்றுவதையும் பிளேடு தீட்டுவதையும் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். இதைச் சொல்ல வெட்கப்படுவார்கள். நானும் இத்தனை நாள் வெட்கப்பட்டேன்.

1. நூற்றாறு கிலோ

அப்போது என் எடை நூற்றாறு கிலோ. லிவரை இழுத்தால் வயிறு இடித்தது. சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், பத்து கிலோ குறையுங்கள், மெதுவாகக் குறையுங்கள் என்றார். குறையுங்கள் என்றது காதில் ஏறியது. மெதுவாக என்றது ஏறவில்லை. நான் எதையும் மெதுவாகச் செய்து முன்னுக்கு வந்தவன் இல்லை.

டீக்கடையில் ஒருத்தர் போனில் ஒரு டயட் காட்டினார். சோறு, இட்லி, தோசை எல்லாம் கட். முட்டையும் கறியும் தின்னலாம். காய், கீரை, நிறையத் தண்ணீர் என்றும் அதில் போட்டிருந்ததாம். அது எனக்கு ஞாபகம் இல்லை. முட்டையும் கறியும் மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது. மறுநாளே ஆரம்பித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. யார் வயலில் வண்டி ஓடுகிறதோ, அவர்கள் வீட்டுச் சாப்பாடுதான் ஆபரேட்டருக்கும் ஹெல்பருக்கும். வரப்புக்கே தூக்குவாளி வந்துவிடும். நான் சோற்றை அப்படியே தள்ளி வைத்தேன். சில பேருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு பெரியவர் நேராகவே கேட்டுவிட்டார்.

"அறுக்க எங்க நெல்லு வேணும், திங்க எங்க சோறு ஆவாதோ?"

தண்ணீர் விஷயம் பழைய பழக்கம். வண்டி வாடகை மணிக்கணக்கு. ஒன்றுக்கு இறங்கினால்கூட வயல்காரர் வாட்சைப் பார்ப்பார். அதனால் காலையில் ஒரு டம்ளர் குடித்தால் இருட்டும்வரை குடிக்கமாட்டேன். இதை ஒரு பெருமையாகவே வைத்திருந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பதினாலு மணி நேரம் ஓட்டுவேன் என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறேன்.

மூன்று வாரத்தில் ஆறு கிலோ குறைந்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட்டு, பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டினேன். காட்டாதது ஒன்று இருந்தது. வெளிக்குப் போவது நின்றுவிட்டது.

2. ஒன்றுக்கு மூன்று

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் மூன்று நாளுக்கு ஒரு தடவை, அதுவும் கல் மாதிரி. அறுவடைக்காலத்தில் நாங்கள் தங்குவது ஏதோ ஒரு ஊரில், யாருடைய ஷெட்டிலாவது. விடிவதற்குள் காலைக்கடனை முடித்துவிட்டு வண்டிக்கு கிரீஸ் அடிக்க வேண்டும். நான் குந்தியபடியே கிடப்பேன். பன்னீர் வெளியே நின்று, "அண்ணே, நேரமாச்சு" என்பான். பன்னீர் என் ஹெல்பர். நாற்பது வயது, பதினோரு வருஷமாக என்னோடு இருக்கிறான். அவனிடம்கூடச் சொல்லவில்லை. நூறு கிலோ உருவம், இத்தனை ஊரில் பேர் வாங்கியவன், எனக்கு மலம் இறங்கவில்லையடா என்று எந்த வாயால் சொல்வது?

நாலு நாள் ஒன்றுமே இல்லை. வயிறு மத்தளம் மாதிரி ஆகிவிட்டது. சீட்டில் உட்கார்ந்தால் வண்டியின் அதிர்வு முதுகுத்தண்டு வரைக்கும் குத்தியது. மெடிக்கலில் வயிறு கழியும் மாத்திரை வாங்கினேன். ராத்திரி ஒன்று போடச் சொன்னார்கள். போட்டேன், அசையவில்லை. மறுநாள் ராத்திரி மூன்று போட்டேன். போல்ட் கழலாவிட்டால் பெரிய ஸ்பேனரைப் போடுகிறவன் புத்தி வேறு எப்படி இருக்கும்?

அதற்கு அடுத்த நாள்தான் வளர்மதி வயல்.

3. வளர்மதியின் ஒன்பது மா

புருஷன் இல்லாத பெண். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், குத்தகைக்கு எடுத்துச் சம்பா போட்டிருந்தாள். நல்ல விளைச்சல், கதிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மழை வரும் என்று டிவியில் சொன்னதும் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். மழைக்கு முன்னால் அறுத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டாள். வேறு வண்டிக்குச் சொல்லட்டுமா என்றும் கேட்டாள். அந்த இரண்டாவது கேள்வி எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் எறங்குறேன்னு சொன்னா அறுத்தாச்சுன்னு அர்த்தம். போயி சாக்கை எடுத்து வையி" என்றேன்.

காலையில் பனி காய்ந்து, பத்து மணிக்கு இறங்கினேன். அவளே சாப்பாடு கொண்டு வந்தாள். நான் சோறு தொடமாட்டேன் என்று பன்னீர் சொல்லியிருக்கிறான் போல. எனக்கென்று தனியாக முருங்கைக்கீரையும் வாழைத்தண்டும் செய்திருந்தாள், ஒரு செம்பு மோரும். முட்டை இருக்கிறது, இதெல்லாம் மாட்டுக்குப் போடு என்றேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"இப்புடி வேர்த்து ஊத்துதே. வயிறு எதும் பண்ணுதாண்ணே?"

"என் வயித்துக்கு என்ன? இரும்பு."

மூன்று மா முடிந்திருக்கும். அடிவயிற்றில் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினேன். கை தானாகச் சாவியை உருவிப் பைக்குள் போட்டது. என் சாவியை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. பதினோரு வருஷத்தில் பன்னீரை ஒருநாள்கூட சீட்டில் உட்கார விட்டதில்லை. அவனுக்கு ஓட்டத் தெரியும், அது எனக்கும் தெரியும். என் கை படாமல் என் வண்டி நகராது என்று சொல்லிச் சொல்லியே பழகிவிட்டது.

கருவைப் புதருக்குப் பின்னால் குந்தினேன். முறுக்குகிறது, இறங்கவில்லை. மாத்திரை உள்ளே இருந்து தள்ளுகிறது, வாசலில் கல் நிற்கிறது. ரத்தம் வந்தது. எழுந்தால் கண் இருட்டியது. மறுபடி குந்தினேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லை. காற்று திடீரென்று ஜில்லென்று ஆனதும் நிமிர்ந்து பார்த்தேன். கிழக்கே வானம் கறுத்துவிட்டது.

அப்போதுதான் பன்னீர் குரல் கேட்டது.

"அண்ணே, எங்கண்ணே இருக்கீங்க? சாவிய மட்டும் குடுங்கண்ணே, நான் ஓட்டிப்புடுறேன்."

இருபது அடி தூரம் இருக்கும். அவனுக்குப் பின்னாலேயே வளர்மதியும் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். டவுசர் முழங்காலில், காலடியில் ரத்தம். இந்தக் கோலத்தில் என்னை ஒரு பொம்பளை பார்ப்பதா? மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சாவியைத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் போதும். அதுகூடத் தோன்றவில்லை, அல்லது தோன்றியும் செய்யவில்லை. மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கம் மதகை நோக்கிப் போய்விட்டார்கள்.

சற்று நேரத்தில் முதல் தூறல் முதுகில் விழுந்தது.

4. முளைத்த கதிர்

மழையில் மயங்கிக் கிடந்தவனைப் பன்னீர்தான் கண்டுபிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து எடுத்தார்கள். அங்கே பார்த்த டாக்டரம்மா கோபப்படவில்லை. நார்ச்சத்து இல்லை, தண்ணீர் இல்லை, வந்ததையும் அடக்கிவைத்து நாள்பூரா உட்கார்ந்தே இருக்கிறீர்கள், குடல் வேறு என்ன செய்யும் என்று மட்டும் கேட்டார். மலச்சிக்கல் வந்த முதல் வாரமே யாரிடமாவது சொல்லியிருந்தால் சாப்பாட்டிலேயே சரிசெய்திருக்கலாமாம்.

மழை மூன்று நாள் விடவில்லை. மிச்சம் ஆறு மா நெல்லும் சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துவிட்டது. செயின் வண்டிகூட இறங்க முடியாத சேறு. நான் போய்ப் பார்த்தபோது கதிரிலேயே நெல் முளைத்திருந்தது. வளர்மதி வரப்பில் உட்கார்ந்து ஒரு கதிரைக் கையில் வைத்திருந்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வயித்துக்கு வர்றது யாருக்கும் வரும்ணே. ஒரு கொரல் குடுத்திருந்தா சாவிய வாங்கிட்டுப் போயிருப்போம்ல."

காதில் விழவில்லை என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

அடுத்த பட்டத்துக்கு அவள் குத்தகையை விட்டுவிட்டாள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த வயலை இப்போது வேறு யாரோ செய்கிறார்கள், வேறு வண்டி அறுக்கிறது. அந்த வழியாகப் போக நேர்ந்தால் நான் சுற்றிக்கொண்டு போகிறேன்.

இப்போது ஒரு கரண்டிச் சோறு, அதைவிட இரண்டு பங்கு காய், கீரை சாப்பிடுகிறேன். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது. வண்டியில் இரண்டு லிட்டர் பாட்டில் தொங்குகிறது. பன்னீர்தான் ஓட்டுகிறான், சாவி அவனிடம். என்னைவிட நன்றாகவே ஓட்டுகிறான். அது தெரிய எனக்குப் பதினோரு வருஷமும் ஒருத்தியின் ஆறு மா நெல்லும் ஆகியிருக்கிறது.

தம்பிகளே, தண்ணீர் குடியுங்கள். வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்குங்கள், வயல்காரர் வாட்சைப் பார்த்தால் பார்க்கட்டும். இரண்டு நாள் போகவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

இதை வளர்மதி படிப்பாளா என்று தெரியாது. படித்தால் அவளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு நீங்கள் கூப்பிட்டது என் காதில் விழுந்தது. மூன்று தடவையும் விழுந்தது.