நான் பார்த்து எழுதிய மதிப்பெண்

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது ரெஜினா மிஸ்ஸின் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி, அம்மா காலைல போய்ட்டாங்க." இரைச்சலில் கேட்கவில்லை என்று சொல்லி, அவளை மறுபடியும் சொல்ல வைத்தேன். முதல் தடவையே கேட்டிருந்தது.

லிங்கராஜபுரம் பள்ளியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மழலையர் வகுப்புகளுக்கு இருபது வருடம் பாட்டு டீச்சர். ஓய்வு பெறும் முன் இரண்டு வருடம் பாட்டை விட்டுவிட்டு எல்.கே.ஜி.யில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தாரே, அது ஏன் என்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பாட்டை விட்ட அந்த வருடத்து ஆண்டுவிழாவில் குழந்தைகள் தாங்களே உண்டாக்கிய இசையை வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பத்துப் பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். யு.கே.ஜி. பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, மணி, கொட்டாங்குச்சி, சின்ன டிரம் எல்லாம் முன்னால் வைத்து, "மழை எப்படி வரும், செஞ்சு காட்டு" என்பார். வகுப்பாசிரியையான என்னையும் பக்கத்தில் உட்கார வைத்து, தனித்தாளில் ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார்.

"நல்லா பாடுதான்னு பாக்காதீங்க ஷீலா. தானா ஏதாச்சும் கண்டுபிடிக்குதான்னு பாருங்க. என் தாளை மட்டும் பாக்காதீங்க."

நான் பார்த்தேன். பாட்டு தெரியாதவள் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம்.

நிவேதா என்ற பெண் மணியை ஆட்டவில்லை, விரலால் தடவினாள். மெல்லிய குரலில் ஏதோ முனகினாள். விரல் மணியில் கீழே இறங்க முனகலும் இறங்கியது. மேலே போக அதுவும் ஏறியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான்கு போட நினைத்து, ஓரக்கண்ணால் மிஸ்ஸின் தாளைப் பார்த்தேன். ஒன்று. நானும் ஒன்று போட்டேன்.

"ரெண்டு மிஸ்ஸும் ஒரே மார்க், சூப்பர்" என்று பிரின்சிபால் பாராட்டினார். பட்டியலில் நிவேதா இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்தார். சண்டைக்கு வரவில்லை. போனில் பதிந்த மகளின் குரலைப் போட்டுக் காட்டினார். "வீட்ல எந்நேரமும் இப்படித்தான் பாடுவா மிஸ். இப்போ நிறுத்திட்டா. கேட்டா, எனக்கு வராதாம், மிஸ் எழுதிட்டாங்கங்கறா."

ரெஜினா மிஸ் போனை ஒரு காதில் வைத்தார், பிறகு மறு காதில். "ஷீலா, உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது மிஸ்."

"அன்னிக்கு?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த அம்மா போன பிறகு மிஸ் மெதுவாகச் சொன்னார்: "மெல்லிசான சத்தம் எனக்கு ஒரு வருஷமாவே கேக்கறதில்ல. சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்குத்தான் உங்களைக் கூட வெச்சுக்கிட்டேன்."

நேராகப் பிரின்சிபாலிடம் போய்த் தன் காதைப் பற்றி மட்டும் சொன்னார். பாட்டு வகுப்பு அவரிடமிருந்து போய், பாட்டு தெரியாத என்னிடமே வந்தது. நானும் உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று கிளம்பியபோது தடுத்தார். "இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது? அடுத்த வருஷப் பிள்ளைங்களை ஒழுங்காக் கேளுங்க." தடுத்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

நிவேதாவைக் குழுவில் சேர்த்தோம். விழா மேடையில் மணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் என்னோடு மதிப்பெண் போடும் டீச்சரை அறையின் மறுகோடியில் உட்கார வைக்கிறேன். இருவரும் எழுதி முடித்த பிறகுதான் தாள்களைச் சேர்த்துப் பார்க்கிறோம். பல நேரம் ஒத்துப்போவதில்லை. அப்போது அந்தக் குழந்தையை மறுபடி கூப்பிட்டுக் கேட்கிறோம். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வழக்கம்தான்.

அடக்கம் முடிந்து கல்லறை வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா உங்களைப் பத்தி அடிக்கடி சொல்வாங்க ஆன்ட்டி. ஷீலாவுக்கு என்னைவிட நல்ல காதும்பாங்க."

அவளிடமும் நான் தாளைப் பார்த்து எழுதியதைச் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.